தாள் கைக்கு வந்த பிறகு

அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 மார்ச் கடைசி. அப்பா நாமக்கல்லில் இருந்து ஒமாஹாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. குளிரில் வீட்டுக்குள்ளேயே கிடந்தவரைக் கொக்கு பார்க்கக் கூட்டிப்போனேன். நெப்ராஸ்காவின் நடுவில் கியர்னி என்று ஓர் ஊர். அதன் பக்கம் ஓடும் பிளாட் ஆற்றில், வடக்கே போகிற வழியில், ஒவ்வொரு மார்ச்சிலும் லட்சக்கணக்கான சாண்ட்ஹில் கொக்குகள் தங்கிப் போகும். பொழுது சாய்கிற நேரத்தில் அவை ஆற்று மணலில் கூட்டம் கூட்டமாக இறங்கியதைப் பார்த்து அப்பா சொன்னது இவ்வளவுதான்: "ஏ அப்பா, என்னா சத்தம்!"

திரும்பும்போது அவர் கவனமெல்லாம் லாரிகள் மேல். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். 80ஆம் எண் நெடுஞ்சாலையில் அப்போது வேக வரம்பு மணிக்கு 75 மைல். அந்த வேகத்தில் பதினெட்டுச் சக்கர வண்டி பக்கத்தில் போனால் விடுவாரா? "இன்னும் கொஞ்சம் கிட்டப் போ கண்ணு, எத்தன ஆக்சில்னு பாக்கறேன்" என்றார். போனேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் சிவப்பும் நீலமும் சுழன்றன. மணி 8:52. கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, இன்னும் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டுமே என்று அப்போதுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

நம் ஊரில் போலீஸ் கை காட்டினால் டிரைவர் பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். அதுதான் மரியாதை. இருந்த இடத்திலேயே இருந்தால் "துரை எறங்கி வர மாட்டீங்களோ?" என்று பேச்சு ஆரம்பிக்கும். இங்கே அப்படியே தலைகீழ். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் தெரிய உட்கார்ந்திருக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுநர் நான்தான் என்றாலும் பழக்கம் அவரை இறக்கிவிட்டது. அந்த அதிகாரி கத்திய கத்தில் எனக்கே உடம்பு நடுங்கியது. நான் தமிழில் கத்தினேன். அப்பா உள்ளே வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, "இவன் ஏன் கண்ணு இப்பிடிப் பயப்படறான்?" என்றார். பயந்தது அவன்தான் என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அந்த அதிகாரி முரடர் இல்லை. என் லைசன்ஸையும் காப்பீட்டுத் தாளையும் வாங்கிக்கொண்டு, அவருடைய காரின் முன் இருக்கையில் வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பின்னால் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் கணினியில் என்னைச் சரிபார்த்தார். எங்கே வேலை, எங்கிருந்து வருகிறீர்கள், கொக்கு எப்படி இருந்தது என்று பேசிக்கொண்டே தட்டினார். முன்னால் போகும் வண்டியை மிக நெருக்கமாகத் தொடர்ந்ததற்கு எச்சரிக்கைச் சீட்டு, அபராதம் கிடையாது. சீட்டையும் லைசன்ஸையும் கையில் கொடுத்தார். 9:07. நன்றி சொல்லிக் கதவைத் திறந்தேன். அப்போது கேட்டார், கிளம்பும் முன் இன்னும் ஒன்றிரண்டு கேள்வி கேட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே?

"ஓகே" என்றேன்.

நாம் "சரி" என்ற சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். போனை வைக்கும் முன் சரி. எதிராளி பேசும்போது நடுநடுவே சரி, சரி. பிடிக்காத பேச்சை நிறுத்த, சரி விடு. பாதி நேரம் அதற்கு "காதில் விழுந்தது" என்பதற்கு மேல் பொருளே கிடையாது. என் "ஓகே" அந்த ரகம். தமிழ்ச் "சரி"க்கு ஆங்கிலச் சட்டை மாட்டி அனுப்பியிருந்தேன். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குப் பெயர் சம்மதம். அடுத்து அவர் வண்டிக்குள் ஒரு பார்வை பார்க்கலாமா என்று கேட்டபோதும் அதே ஓகேதான் வந்தது. அப்பாவின் பாஸ்போர்ட் ஒமாஹாவில் அலமாரிக்குள் இருக்கிறதே, குடிவரவுப் பதிவுத் தாளைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று வெளிநாட்டவருக்குச் சட்டம் இருக்கிறதே என்ற நினைப்பு வேறு. கோபப்படுத்தாமல் இருந்தால் சீக்கிரம் விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

விடவில்லை. அப்பாவை இறக்கிக் குளிரில் நிற்க வைத்துவிட்டு டிக்கி, இருக்கைக்கு அடி, என் மடிக்கணினிப் பை, அப்பாவின் கோட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் சாம்பல் நிறப் பொடி. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். எனக்கு வாய் வரவில்லை. விபூதிக்கு ஆங்கிலத்தில் என்னவோ ஒரு சொல் உண்டு, அந்த நேரத்தில் வருமா? அப்பாவுக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை. எட்டி ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக்காட்டிவிட்டு, "திருச்செங்கோடு" என்றார், அது எல்லோருக்கும் தெரிந்த முகவரி போல. அதிகாரி ஒரு நிமிடம் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பொட்டலத்தை மடித்துக் கொடுத்தார், பழைய மடிப்பிலேயே.

நாங்கள் கிளம்பியபோது 9:31.

கிராண்ட் ஐலண்ட் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அப்பாதான் கேட்டார். "பேப்பரு கைக்கு வந்துருச்சில்ல?" வந்துவிட்டது என்றேன். "வந்தப்புறம் எதுக்கு நின்னே? செக்போஸ்ட்டுல பேப்பரு கைக்கு வந்துட்டா வண்டிய எடுத்தற வேண்டீதுதான். அதுக்கு மேல அவங்கிட்ட என்ன பேச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று தூக்கம் வராமல் இணையத்தில் துழாவியபோதுதான் தெரிந்தது, ஏறத்தாழ இதே பதிலை அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அதுவும் எங்கள் வீட்டில் இருந்து அரை மணி தூரத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்காக.

ஒமாஹாவுக்கு மேற்கே வேலி என்று ஒரு சிற்றூர். 2012 மார்ச் 27, நள்ளிரவு தாண்டிய நேரம். 275ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மெர்க்குரி மவுண்டனீர் வண்டி ஒன்றிரண்டு நொடி சாலை ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டுச் சடக்கென்று திரும்பி வந்தது. ஓரத்தில் ஓட்டுவது நெப்ராஸ்கா சட்டப்படி குற்றம். 12:06க்கு ஒரு காவலர் அதை நிறுத்தினார். அவர் மோப்ப நாய்ப் பிரிவைச் சேர்ந்தவர், நாய் காரிலேயே இருந்தது. பெயர் ஃபிளாய்ட். ஓட்டி வந்த ரோட்ரிகஸ், குழியைத் தவிர்க்கத்தான் ஒதுங்கினேன் என்றார். என் காருக்கு வந்து உட்காருங்கள் என்றார் காவலர். கட்டாயமா என்று கேட்டார் ரோட்ரிகஸ். இல்லை என்று பதில் வந்ததும், அப்படியானால் என் வண்டியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டால் பதில் சொல்வார்களா? கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாதே!

தாள்களைச் சரிபார்த்து, கூட வந்தவரையும் விசாரித்து, எச்சரிக்கைச் சீட்டு எழுதி, விளக்கிச் சொல்லி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபோது 12:27 அல்லது 12:28. நிறுத்திய காரணமெல்லாம் அதோடு முடிந்துவிட்டது என்று அந்தக் காவலரே பின்னால் சாட்சி சொன்னார். ஆனால் விடவில்லை. நாயை வண்டியைச் சுற்றிக் கூட்டிவரலாமா என்று கேட்டார். கூடாது என்றார் ரோட்ரிகஸ். என்ஜினை நிறுத்தி இறங்கச் சொல்லி, இன்னொரு அதிகாரி வரும் வரை நிற்க வைத்தார். அவர் 12:33க்கு வந்தார். ஃபிளாய்ட் இரண்டாம் சுற்றின் பாதியில் குறிப்புக் காட்டியது. உள்ளே ஒரு பெரிய பை நிறைய மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்.

சீட்டு கொடுத்ததற்கும் நாய் குறிப்புக் காட்டியதற்கும் இடையே ஏழு, எட்டு நிமிடம். வழக்கு முழுவதும் அந்த ஏழு எட்டு நிமிடம் யாருடையது என்பதுதான்.

கீழே இருந்த நீதிமன்றங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அந்த வட்டாரத்துக்கான எட்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், சின்னத் தாமதம்தானே, போகட்டும் என்ற கொள்கையை ஏற்கெனவே வைத்திருந்தது. அந்தக் கொள்கைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தலைப்பு என்ன தெரியுமா? அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 404,905 டாலர். மனிதர் யாரும் இல்லை, பணத்தின் மேலேயே வழக்கு. இந்த ஊர் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வினோதம் இது, ஆனால் அதைப் பேசப் போனால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

2015 ஏப்ரல் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தக் கொள்கையைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். சுற்றி வளைக்காமல் சொன்னால் விஷயம் இதுதான். சாலை விதியை மீறியதற்காக ஒருவரை நிறுத்தினால் அந்த நிறுத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. மீறலைக் கவனிப்பது, லைசன்ஸ், பதிவு, காப்பீடு பார்ப்பது, பிடியாணை ஏதும் இருக்கிறதா என்று தேடுவது. இவையெல்லாம் சாலைப் பாதுகாப்போடு சேர்ந்தவை. அந்த வேலை முடிந்ததும், அல்லது நியாயமாக முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், பிடித்துவைக்கும் அதிகாரமும் முடிந்தது. போதைப்பொருள் தேடும் நாய் சாலைப் பாதுகாப்பு வேலை அல்ல. அதற்காகக் கூட்டும் நேரத்துக்குத் தனியாக நியாயமான சந்தேகம் வேண்டும். காவலருக்கு உள்ளுக்குள் ஏதோ தோன்றியது என்றால் போதாது, காரணம் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும்.

இதை முதலில் படித்தபோது நான் தேடியது ஒரு எண்ணை. பதினைந்து நிமிடமா, இருபதா? எண்ணே கிடையாது. 1983இல் ஒரு விமான நிலையப் பெட்டியை நாய்க்காக 90 நிமிடம் வைத்திருந்தது அதிகம் என்று தீர்ப்பாயிற்று. 1985இல் இன்னொரு வழக்கில் 20 நிமிடம் பரவாயில்லை என்றார்கள், கூடவே கறாரான நேர வரம்பு வைக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். 2005இல் இல்லினாய் வழக்கு ஒன்றில், ஒரு காவலர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நாயோடு வந்து சுற்றினார், மொத்தமே பத்து நிமிடத்துக்குள். நேரம் கூடவில்லை, ஆகவே செல்லும் என்றார்கள். நீதிபதி சூட்டர் அதில் ஒத்துக்கொள்ளாமல், தவறே செய்யாத நாய் என்பது சட்டம் கட்டிவிட்ட கதை என்று எழுதினார். இன்னொரு மறுப்பு எழுதியவர் கின்ஸ்பர்க், அதில் சூட்டரும் சேர்ந்துகொண்டார். பத்து வருடம் கழித்து அவர் கையிலேயே பேனா வந்தது.

ஆக, எண்ணப்படுவது வேலை, நிமிடம் அல்ல. அப்பாவின் செக்போஸ்ட்டிலும் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. பேப்பர் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

ஆனால் எதிர்த்து எழுதிய மூவரும் சும்மா எழுதவில்லை. நீதிபதி தாமஸ் கேட்டது எனக்கும் உறைத்தது: கை வேகமான காவலர் பத்து நிமிடத்தில் முடித்தால் பதினோராம் நிமிடம் சட்டவிரோதம், மெதுவானவர் அரை மணி எடுத்தால் சரியா? நீதிபதி அலிட்டோ இன்னும் நடைமுறையாகச் சொன்னார். இனிமேல் காவலர்கள் சீட்டைக் கொடுப்பதற்கு முன்னாலேயே நாயைச் சுற்றவிடக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றார். இதற்கு கின்ஸ்பர்க்கின் பதில், நாய் சீட்டுக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது கேள்வி இல்லை, அதனால் நேரம் கூடியதா என்பதே கேள்வி. தாளில் அது நல்ல பதில்தான். இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், கொக்கு எப்படி இருந்தது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டு மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்போது கூடிய நேரத்தை யார் அளப்பது? காவலரின் காரில் கேமரா இருந்தால் ஒரு வழக்கறிஞர் பின்னால் நொடி நொடியாக அளப்பார். அதற்குக் கையில் விலங்கு விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் விடப்பட்டவர்களின் நிமிடங்களைப் பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. என்னுடைய 24 நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்று, அது என்னிடமிருந்து எடுக்கப்பட்டதும் இல்லை. நானே கொடுத்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது இரண்டு மனிதர்களின் தன்னிச்சையான உரையாடல் என்று சட்டம் வைத்துக்கொள்ளலாம். 1996இல் ஒஹையோ வழக்கு ஒன்றில், "நீங்கள் போகலாம்" என்று காவலர் முதலில் சொல்லியாக வேண்டும் என அந்த மாநில நீதிமன்றம் போட்ட விதியை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. மறுக்க உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லவும் வேண்டியதில்லை, அது 1973லேயே முடிவான கதை. பக்கத்து மாநிலமான கான்சஸில் இதற்கு ஒரு நடனப் பெயரே உண்டு, கான்சஸ் டூ ஸ்டெப். காவலர் சீட்டைக் கொடுத்து, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்லி, இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு சின்னக் கேள்வி என்பார். நிறுத்தம் முடிந்து புது உரையாடல் தொடங்கியதாகக் கணக்கு. 2023இல் நீதிபதி கேத்ரின் வ்ராட்டில், கான்சஸ் நெடுஞ்சாலைக் காவல் துறை அதைக் கையாண்ட விதம், நியாயமில்லாமல் பிடித்துவைப்பதையும் சோதனை போடுவதையும் தடுக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். அந்தச் செய்தியை அலுவலகத்தில் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் அதிகாரி இரண்டு எட்டுகூட வைக்கவில்லை.

நெருக்கமாக ஓட்டினேன் என்பது வெறும் சாக்கா என்று நண்பர்கள் கேட்பார்கள். சாக்காகவே இருந்தாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை. 1996இல் வந்த இன்னொரு தீர்ப்புப்படி, மீறல் உண்மையாக இருந்தால் காவலர் மனதில் என்ன ஓடியது என்று பார்க்கமாட்டார்கள். ஆக்சில் எண்ணப் போனது உண்மை. அதில் எனக்கு வாதமே இல்லை. அப்பா இறங்கியதும் சட்டப்படி ஒன்றும் பெரிதில்லை. ஓட்டுநரையோ பயணியையோ இறங்கச் சொல்லவும் காவலருக்கு அதிகாரம் உண்டு. வண்டி நின்றால் பயணியும் பிடித்துவைக்கப்பட்டவர்தான் என்று 2007இல் தீர்ப்பு இருக்கிறது. ஆக அப்பாவின் நிமிடங்களையும் சேர்த்தே நான் "ஓகே" சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவரைக் கேட்காமல்.

ரோட்ரிகஸ் என்ன ஆனார் என்று தேடினேன். வழக்கில் வென்றவர், வெளியே வந்திருப்பார் என்று நினைத்தேன். உச்ச நீதிமன்றம் வழக்கை எட்டாவது நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதே 2015இல் அவர்கள் சொன்னது: 2012இல் அந்தக் காவலர் அன்றைக்கு நடைமுறையில் இருந்த எங்கள் தீர்ப்புகளை நம்பி நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார், ஆகவே நாய் கண்டுபிடித்தது சாட்சியமாகச் செல்லும். ஐந்து வருடத் தண்டனை அப்படியே நின்றது. அவர் பெயரில் அமெரிக்கா முழுவதும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஓர் உரிமை, அவருக்கு ஒன்றும் இல்லை. அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை, பையில் இருந்தது திருநீறு இல்லையே. ஆனாலும் கட்டாயமா என்று கேட்டவர், நாய் கூடாது என்று சொன்னவர், இரண்டையும் சரியாகச் செய்தவர் அவர்.

ஒமாஹாவுக்குப் புதிதாக வரும் பையன்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. நான் வக்கீல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். வாதாடாதே, கையைக் காட்டு, தாளைக் கொடு. தாள் திரும்பி வந்ததும், நான் போகலாமா என்று கேட்கும் ஒரே ஒரு வாக்கியம்: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" அதை அந்தப் பையன்கள் சிரித்துக்கொண்டே திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். பருப்பு சாதத்தின் முன்னால் அது சுலபமாக வரும்.

எனக்கு அது உண்மையில் தேவைப்பட்டது 2021 இலையுதிர் காலத்தில். 275இல்தான், நார்ஃபோக் போகிற வழியில், வேக வரம்புக்கு எட்டு மைல் மேலே. எச்சரிக்கைச் சீட்டு கைக்கு வந்தது. வாய் உலர்ந்துவிட்டது. கேட்டேன். அந்த இளைஞர் என்னை விநோதமாகப் பார்த்து, ஆமாம், வேறென்ன, பார்த்துப் போங்கள் என்றார். அவர் மனதில் வேறு எதுவுமே இருந்திருக்காது. மொத்தம் பதினோரு நிமிடம்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாயி இருந்துச்சா?"

"இல்லீங்ப்பா."

"அப்ப செரி" என்றார்.